அச்சில் வார்த்த வேட்பாளர்: தேர்தல் அலசல்களில் பாலினம் எப்படி நுழைகிறது?

2019 டிசம்பர். ஊரக உள்ளாட்சித் தேர்தல் நேரம். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பெண்ணைச் சந்திக்கப் போயிருந்தேன். அப்போது நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளர். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினோம். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளை அழைத்து வாயைத் திறக்கச் சொல்லி, பற்களில் படிந்திருந்த பழுப்புக் கோடுகளைக் காட்டினார். நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு செய்யும் வேலை அது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள், எதில் மோட்டார் பழுது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மேல்நிலைத் தொட்டிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை ஏறுகிறது, கடைசித் தெருவுக்கு அது ஏன் போய்ச் சேருவதில்லை என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். என் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. தலைப்பு: 'அடுப்படி வேலையை முடித்துவிட்டு ஓட்டுக் கேட்கும் இல்லத்தரசி'. படத்தில் அவர் களி கிண்டிக்கொண்டிருந்தார். தலைப்பை எழுதி அனுப்பியது நான். படத்துக்காக அடுப்புப் பக்கம் நிற்கச் சொன்னதும் நான். அன்று காலை அவர் தொலைபேசியில் அழைத்து நன்றி சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தண்ணீர் விஷயம் வரவில்லையே அக்கா" என்றார்.

அந்தச் செய்தியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் இல்லத்தரசிதான், சமைத்துவிட்டுத்தான் வாக்குக் கேட்கப் போனார். யாரையும் இழிவுபடுத்தும் எண்ணமும் எனக்கு இல்லை. நானும் ஒரு பெண்தான். இத்தனையும் இருந்தும் அந்தச் செய்தி தவறானது. எப்படித் தவறானது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் 'பத்திரிகைகள் பெண் வேட்பாளர்களைத் தவறாகச் சித்திரிக்கின்றன' என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. எது சித்திரிப்பு, எது சாதாரண விமர்சனம் என்று பிரித்துப் பார்க்காமலேயே அந்தப் பேச்சு அடங்கியும் விடுகிறது.

முதலில், அச்சு என்றால் என்ன?

பாலக்கோடு பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்கொட்டகைக்குப் போயிருக்கிறீர்களா? கொப்பரையில் பாகு காய்ந்து, பதம் பார்த்து இறக்கி, அச்சுக் குழிகளில் ஊற்றுவார்கள். எந்தத் தோட்டத்துக் கரும்பாக இருந்தாலும் சரி, ஆறியபின் எல்லாக் கட்டியும் ஒரே வடிவம். அச்சு பாகைக் கெடுப்பதில்லை. இனிப்பும் அப்படியே இருக்கிறது. ஆனால் பாகுக்குத் தனக்கென்று ஒரு வடிவம் எடுக்க வழியில்லாமல் போகிறது.

நாம் பேசப்போகும் விஷயத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டீரியோடைப்' என்று பெயர். அந்தச் சொல்லே அச்சகத்திலிருந்து வந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்த பக்கத்தை ஒரே உலோகத் தகடாக வார்த்துவிடும் முறைக்கு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஃபிர்மான் டிடோ என்ற அச்சுக்காரர் வைத்த பெயர் அது. தகடாக வார்த்துவிட்டால் மறுபடி கோக்க வேண்டாம். எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் அதே சொல்லை மனித மனத்துக்குப் பொருத்தினார். ஒரு மனிதரைப் பார்ப்பதற்கு முன்பே, அவரைப் போன்றவர்களைப் பற்றிய ஒரு தகடு நம் தலைக்குள் தயாராக இருக்கிறது. நாம் பெரும்பாலும் அந்தத் தகட்டைத்தான் பார்க்கிறோம் என்றார். இந்தத் தலைக்குள் இருக்கும் தகட்டை இக்கட்டுரையில் 'அச்சுப் பிம்பம்' என்று அழைக்கிறேன்.

இன்னொரு சொல், பாலினம். உடலால் ஆணாகவோ பெண்ணாகவோ பிறப்பது பால். 'ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி' என்று சமூகம் அதன்மேல் ஏற்றிவைக்கும் எதிர்பார்ப்புகளின் மூட்டைதான் பாலினம். இரண்டையும் சேர்த்தால் பாலின அச்சுப் பிம்பம்: ஒருவரைப் பற்றி அறிவதற்கு முன்பே, ஆண் அல்லது பெண் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்குப் பொருத்திவிடும் ஆயத்த வடிவம்.

மனம் இப்படி வேலை செய்வதில் அதிசயம் இல்லை. கிருஷ்ணகிரி மாம்பழ மண்டியில் கூடையைப் பார்த்ததுமே இது பெங்களூரா, இது செந்தூரா என்று பிரிப்பவர் ஒவ்வொரு பழத்தையும் கடித்துப் பார்ப்பதில்லை. வகை தெரிந்தால் விலை சொல்லிவிடலாம். அந்த வசதி இல்லாமல் ஒருநாள்கூட மனிதரால் வாழ முடியாது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், நாம் ஒரு வேட்பாளரைக் கூடையாக வாங்குவதில்லை. ஒரே ஒருவரை ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறோம். வகையைப் பற்றிய அறிவு அந்த ஒருவரைப் பற்றிய அறிவாகாது.

சுருக்கமாக: அச்சுப் பிம்பம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பலருக்குப் பொருந்தும் உண்மையாகக்கூட இருக்கலாம். குறிப்பிட்ட ஒருவரைப் பார்க்க வேண்டிய இடத்தில் அது வந்து நின்றுகொள்வதுதான் பிழை.

பாராட்டும் அச்சுதான்

இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறான எண்ணம், 'திட்டினால்தானே தவறு, நாங்கள் உயர்த்தித்தானே எழுதுகிறோம்' என்பது. தாயுள்ளம் கொண்டவர், சாந்தமான முகம், குடும்பப் பாங்கானவர், சிங்கப்பெண், வீரமங்கை. இவற்றில் எதுவும் வசைச்சொல் இல்லை. ஆனால் 'தாயுள்ளம் கொண்டவர்' என்று படித்த வாசகருக்கு அந்த வேட்பாளர் கரும்பு நிலுவைத் தொகை பற்றி என்ன சொல்கிறார் என்று ஏதாவது தெரிந்ததா? ஓர் இடத்தை அந்தப் பாராட்டு எடுத்துக்கொண்டது. அந்த இடத்துக்கு வரவேண்டிய தகவல் வரவில்லை.

ஆண்களுக்கும் அச்சு உண்டு. தளபதி, போர்வாள், வேங்கை, அசராதவர். சத்தம் போடாமல் பேசும், கோப்புகளைப் படித்துவிட்டு வரும் ஓர் ஆண் வேட்பாளரை 'மென்மையானவர், களத்துக்குத் தாங்குவாரா' என்று எழுதுவதும் இதே வார்ப்புதான். இன்னும் மோசமாக, 'சேலை கட்டிக்கொள்ளட்டும்', 'வளையல் போட்டுக்கொள்ளட்டும்' என்று மேடையில் ஒருவர் இன்னொருவரைச் சாடுவதை அப்படியே தலைப்பாக்கும்போது, அடி விழுவது அந்த ஆணுக்கு. கறை படிவது சேலைக்கும் வளையலுக்கும்.

செய்தியில் குறைவு, அலசலில் அதிகம்

'இன்று காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் மனுத்தாக்கல் செய்தார்' என்ற வரியில் பாலினம் நுழைய இடுக்கு இல்லை. அலசல் கட்டுரை வேறு வகை. 'தொகுதி யாருக்கு?', 'களநிலவரம்' என்ற தலைப்புகளில் வருபவை நடந்ததைச் சொல்வதோடு நிற்பதில்லை; அதற்கு என்ன பொருள் என்று சொல்கின்றன. அவர் வலுவானவரா, மக்கள் ஏற்பார்களா, எதிராளியைத் தாக்குப்பிடிப்பாரா என்ற கேள்விகளுக்கு மீட்டர் வைத்து அளந்து பதில் சொல்ல முடியாது. அளக்க முடியாத இடத்தில் எழுதுபவரின் தலைக்குள் இருக்கும் தகடு கைகொடுக்கிறது. இரவு எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும், இருநூறு சொல்தான் இடம், போன தேர்தலில் வந்த அலசல் மேசையில் கிடக்கிறது என்றால் கை தானாகவே அந்தத் தகட்டுக்குப் போகும். எனக்குப் போயிருக்கிறது. இதில் கெட்ட எண்ணத்தைத் தேடினால் கிடைக்காது. அவசரத்தையும் பழக்கத்தையும் தேடினால் கிடைக்கும்.

ஆண்கள் எழுதுவதால்தான் இப்படி என்பதும் முழு உண்மையல்ல. 1968இல் அமெரிக்காவில் ஃபிலிப் கோல்ட்பர்க் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரே கட்டுரையைச் சிலருக்கு 'ஜான் டி. மெக்கே' எழுதியதாகவும், வேறு சிலருக்கு 'ஜோன் டி. மெக்கே' எழுதியதாகவும் கொடுத்து மதிப்பிடச் சொன்னார். முதல் பெயர் ஆணுடையது, இரண்டாவது பெண்ணுடையது. மதிப்பிட்டவர்கள் அனைவரும் கல்லூரி மாணவிகள். ஆண் பெயர் இருந்தபோது கட்டுரைகளுக்குப் பொதுவாகக் கூடுதல் மதிப்புக் கிடைத்தது. பிற்காலத்தில் இதைத் திரும்பச் செய்தவர்களுக்கு வேறுபாடு இவ்வளவு தெளிவாக எப்போதும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தத் தகடு ஆண் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதற்கு அது போதுமான சான்று.

தமிழில் அது எங்கே ஒளிந்திருக்கிறது?

இந்தப் பகுதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் இதைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது.

தமிழின் மரியாதை வடிவம் ஆண், பெண் பார்ப்பதில்லை. 'அவர் வந்தார், பேசினார், வென்றார்' என்றால் இரு பாலுக்கும் பொருந்தும். வேட்பாளர், உறுப்பினர், அமைச்சர், மேயர் எல்லாமே அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியிலும் பிரதிப்பெயர் பாலைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் மொழியிலோ ஒரு முழுப் பக்க அலசலை, வேட்பாளர் ஆணா பெண்ணா என்று தெரியாமலே எழுதிவிடலாம். இவ்வளவு வசதியான மொழியில் எழுதிக்கொண்டு, பாலினத்தை நாம் வேறு வாசல்களின் வழியே உள்ளே கொண்டுவருகிறோம்.

முதல் வாசல், 'பெண்' என்ற முன்னொட்டு. 'பெண் வேட்பாளர்' என்று தினமும் படிக்கிறோம். 'ஆண் வேட்பாளர்' என்று எப்போது படித்தோம்? எத்தனை பெண்கள் போட்டியிடுகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் இடத்தில் அந்தச் சொல் தேவை. சாலை பற்றிப் பேசும்போது தேவையில்லை. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை தர 1921இல் முடிவானது. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவைக்குள் நுழைந்து அதன் துணைத் தலைவருமானார். அன்று அது புதுமை. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்தும் அதே வியப்போடு எழுதினால், வேட்பாளர் என்றால் இயல்பாகவே ஆண், மற்றது விதிவிலக்கு என்று வாசகருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

இரண்டாவது வாசல், பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி. 'திரு' என்றால் அவருக்குத் திருமணம் ஆயிற்றா இல்லையா என்று தெரியாது. 'செல்வி', 'திருமதி' என்றால் உடனே தெரிந்துவிடும். 1991இல் பர்கூரில் வென்று முதல்வரான ஜெயலலிதா கடைசிவரை 'செல்வி' என்றே அழைக்கப்பட்டார். மாநிலத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் திருமண நிலையை ஒவ்வொரு அரசு விளம்பரமும் அறிவித்தது. அது விந்தையாக நமக்குத் தோன்றியதே இல்லை.

மூன்றாவது, வினைச்சொல். இது மிக நுட்பமானது. ஒரே ஒலிபெருக்கி, ஒரே உரத்த குரல். ஆண் 'முழங்கினார்', 'சாடினார்', 'சூளுரைத்தார்'. பெண் 'கொந்தளித்தார்', 'பொங்கினார்', 'ஆவேசப்பட்டார்'. முதல் வரிசையில் இருப்பவை ஒருவர் முடிவெடுத்துச் செய்யும் செயல்கள். இரண்டாவது வரிசையில் இருப்பவை அவருக்குள் தானாக நடந்துவிடுபவை. பால் பொங்குவதைப் போல, கடல் கொந்தளிப்பதைப் போல. முடிவெடுப்பவர், உணர்ச்சிவசப்படுபவர் என்ற இரண்டு பிம்பங்களையும் ஒரு கருத்துக்கூடச் சொல்லாமல் வினைச்சொல்லே வார்த்துவிடுகிறது.

நான்காவது, உடை, நிறம், சிரிப்பு, வயது. 'பச்சை நிறச் சேலையில் வந்திருந்தார்' என்ற வரிக்கு இணையாக 'நீலக்கரை வேட்டியில் வந்திருந்தார்' என்று நாம் எழுதுவது அரிது.

சுருக்கமாக: தமிழில் பாலின அச்சு இலக்கணத்தில் இல்லை. முன்னொட்டில், அடைமொழியில், வினைச்சொல்லில், எதை வர்ணிக்கிறோம் என்பதில் இருக்கிறது. எல்லாமே எழுதுபவர் தேர்ந்தெடுப்பவை என்பதால் மாற்றவும் முடியும்.

உடையைப் பற்றி எழுதவே கூடாதா?

எழுதலாம், அது வாக்காளருக்குத் தேவையான தகவலாக இருந்தால். 1996 தேர்தலில் முதல்வராக இருந்த ஜெயலலிதா பர்கூரிலேயே தோற்றார். பின்னர் நடந்த சொத்துக் குவிப்பு வழக்கில் நகைகளும் சேலைகளும் செருப்புகளும் சொத்துப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே சேலை வர்ணனை அல்ல, சான்றுப் பொருள். ஓர் ஆண் தலைவரின் கைக்கடிகாரம் எவ்வளவு விலை என்று கேட்பதும் அதே வகைதான். 'இந்தத் தகவலை எடுத்துவிட்டால் வாக்காளருக்கு ஏதாவது குறையுமா?' என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

யாருடைய மனைவி, யாருடைய மகள்?

2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் இரண்டு தொகுதிகளுமே இதற்கு நல்ல பாடம். தர்மபுரியில் பாமக சார்பில் சௌமியா அன்புமணி நின்றார். கிருஷ்ணகிரியில் நாம் தமிழர் கட்சி சார்பில் வித்யா வீரப்பன் நின்றார். ஒருவர் கட்சித் தலைவரின் மனைவி; மற்றவர், 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக்கொல்லப்பட்ட வீரப்பனின் மகள். டீக்கடையில் எல்லோரும் பேசியது இந்த இரண்டு உறவுகளைத்தான்.

இங்கே எளிய தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அன்புமணி 2014இல் இதே தர்மபுரியில் வென்றவர். அந்தத் தொகுதியில் அவர் மனைவி நிற்கும்போது உறவைச் சொல்லாமல் விட்டால் அது அரைகுறைச் செய்தி. குடும்ப அரசியல் என்பது கேட்க வேண்டிய கேள்வி. ஆணுக்கும் அந்தக் கேள்வி உண்டு; அன்புமணியையே 'ராமதாஸின் மகன்' என்று எழுதாத ஆண்டு இல்லை.

ஆனால் உற்றுப் பாருங்கள். 'மகன்' என்று எழுதும்போது அந்தச் சொல்லில் 'வாரிசு' என்ற பொருள் தொனிக்கிறது: அடுத்து இவர், சொந்தமாக ஆளப்போகிறவர். 'மனைவி' என்று எழுதும்போது 'அவருக்குப் பதிலாக இவர்' என்று தொனிக்கிறது. உறவு இரண்டு இடத்திலும் உண்மை. அது தரும் எடை வேறு. சௌமியா அப்போது பசுமைத் தாயகம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவர். வித்யா சட்டம் படித்தவர். உறவை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த பத்து வரியில் தர்மபுரியின் நீர்ப் பிரச்சினைக்கு அந்தச் சுற்றுச்சூழல் அனுபவம் எப்படிப் பயன்படும் அல்லது ஏன் பயன்படாது என்று அலசியிருந்தால், அதில் கடுமையான விமர்சனமே இருந்திருந்தாலும், அது அச்சிலிருந்து வெளியே வந்த எழுத்து. உறவிலேயே தொடங்கி உறவிலேயே முடிந்தால், வேட்பாளரைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. அந்தத் தேர்தலில் சௌமியா, திமுகவின் ஆ. மணியிடம் சுமார் 21 ஆயிரம் வாக்குகளில் தோற்றார்.

ஊராட்சியில் இது இன்னும் அப்பட்டமாக நடக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் சட்டத்திருத்தம் 2016இல் வந்தது. அதன்பின் நடந்த முதல் ஊரகத் தேர்தல்தான் நான் தொடக்கத்தில் சொன்ன 2019 தேர்தல். ஊராட்சி மன்ற அலுவலகத்துக்குப் போனால், தலைவரின் கணவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். செய்தியாளர்கள் அவரிடம் கேள்வி கேட்பார்கள். கணவர் ஆட்சி நடத்துகிறார் என்றால் அதை அம்பலப்படுத்தி எழுத வேண்டும். ஆனால் நாமே கணவரிடம் கருத்துக் கேட்டுப் போட்டுவிட்டு, 'பெயருக்குத்தான் பெண் தலைவர்' என்று அலசல் எழுதினால், நாம் சுட்டிக்காட்டும் நோயில் பாதியை நாமே உண்டாக்கியிருக்கிறோம்.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி

அச்சுப் பிம்பத்தின் உண்மையான இயக்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரு நல்ல தலைவரைப் பற்றி நமக்கு ஒரு பிம்பம் உண்டு: உறுதி, அதிகாரம், எதிர்த்து நிற்பது. ஒரு நல்ல பெண்ணைப் பற்றியும் ஒரு பிம்பம் உண்டு: பணிவு, கனிவு, விட்டுக்கொடுப்பது. ஆணைப் பற்றிய பிம்பமும் தலைவரைப் பற்றிய பிம்பமும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. பெண்ணுக்கு அவை இரண்டும் மோதுகின்றன. கனிவாக இருந்தால் 'தலைவராக முடியாது'. உறுதியாக இருந்தால் 'பெண்ணாகவே தெரியவில்லை, திமிர்'. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி விழும் இந்த நிலையை ஆய்வாளர்கள் 'இரட்டைப் பிணை' என்கிறார்கள்.

இந்திரா காந்தியின் கதையே சாட்சி. பிரதமரான புதிதில் சோசலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா அவரை 'கூங்கி குடியா', அதாவது ஊமைப் பொம்மை என்றார். சில ஆண்டுகளில், அமைச்சரவையிலேயே ஒரே ஆண்பிள்ளை அவர்தான் என்ற பேச்சு நாடெங்கும் சுற்றியது. பேசாதபோது பொம்மை, முடிவெடுத்தபோது ஆண். முடிவெடுக்கும் பெண் என்ற மூன்றாவது வடிவத்துக்கு அச்சே இல்லை.

கனடாவில் 1993 தேர்தலின்போது நடந்த தலைவர்களின் தொலைக்காட்சி விவாதங்களை எலிசபெத் கிடெங்கில், ஜோனா எவரிட் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். அப்போது பிரதமர் கிம் கேம்ப்பெல் உட்பட இரண்டு பெண் தலைவர்கள் களத்தில் இருந்தார்கள். விவாதத்தில் அவர்கள் உண்மையில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும், மறுநாள் செய்திகள் எதைக் காட்டின என்பதையும் ஒப்பிட்டார்கள். பெண்கள் மோதலாகப் பேசிய தருணங்களைச் செய்திகள் மிகுதியாகக் காட்டியிருந்தன. அமைதியாகப் பேசியபோது அவர்களைக் கவனிக்கவில்லை. எதிர்பாராதது செய்தியாகும் என்பது எங்கள் தொழிலின் பழைய விதி. சண்டையிடும் பெண் எதிர்பாராதவர் என்று தலைக்குள் இருந்தால், சண்டை மட்டும்தான் செய்தியாகும்.

இதற்கு இன்னொரு அடுக்கும் இருக்கிறது. தேர்தலைப் பற்றி எழுத நாம் வைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள்: களம், வியூகம், படை, மோதல், கோட்டை, கொடி நாட்டினார், மண்ணைக் கவ்வினார். எல்லாமே போர். அதுவும் போதாமல், எருது விடும் விழாவில் எந்த மாடு முந்துகிறது என்று பார்ப்பதைப் போல யார் முந்துகிறார் என்பதையே முழுப் பக்கத்துக்கு எழுதுகிறோம். போராக எழுதப்படும் தேர்தலில் ஓர் ஆண் இயல்பாக நிற்கிறார். பெண்ணோ வேலுநாச்சியாராக வேண்டும், இல்லையென்றால் தவறி வந்தவராக வேண்டும். யாரையும் பாரபட்சமாக நடத்தாமலேயே, எல்லோருக்கும் ஒரே சொற்களைப் பயன்படுத்தியே பாரபட்சம் நடக்கும் விதம் இது.

சுருக்கமாக: தலைவர் என்ற பிம்பமே ஆணின் அளவுக்குத் தைத்த சட்டையாக இருப்பதால், பெண் அணிந்தால் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. குறை சட்டையின் அளவில்.

வாக்கு மாறுகிறதா?

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 1980களின் அமெரிக்க செனட் போட்டிகளை ஆராய்ந்த கிம் ஃபிரிட்கின் கான், பெண் வேட்பாளர்களுக்குச் செய்தித்தாள்களில் குறைந்த இடமும், 'வெல்வாரா' என்ற சந்தேகத்துக்கு அதிக இடமும் கிடைத்ததைக் கண்டார். அதே நாட்டில் 2010, 2014 தேர்தல்களின் உள்ளூர்ச் செய்தித்தாள்களை ஆராய்ந்த டேனி ஹேய்ஸ், ஜெனிஃபர் லாலெஸ் இருவரும், ஆண், பெண் வேட்பாளர்களைப் பற்றிய எழுத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். இரண்டையும் நான் நம்புகிறேன். பழக்கம் கால் நூற்றாண்டில் மாறக்கூடியது என்றுதான் அதை வாசிக்கிறேன்.

நம்மூரில் வாக்காளரைவிட முதலில் பாதிக்கப்படுவது சீட்டுக் கொடுப்பவர் என்பது என் கணிப்பு. 'பெண் நின்றால் தாங்குமா' என்ற அலசலைத் திரும்பத் திரும்பப் படிக்கும் கட்சி, பாதுகாப்பாக ஆணுக்கே கொடுக்கிறது. பெண் அரிதாகிறார். அரிதானதால் அடுத்த முறையும் 'பெண் வேட்பாளர்' என்பதே செய்தியாகிறது. சக்கரம் சுற்றுகிறது. தமிழ்நாட்டு வாக்காளர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். 2021இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேரில் பெண்கள் 12 பேர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் 11 தொகுதிகளிலும் அந்த ஆண்டு வென்றவர்கள் ஆண்களே. அதற்கு முன் ஊத்தங்கரையில் 2011, 2016 என்று அடுத்தடுத்து ஒரு பெண் வென்றிருக்கிறார். ஆகவே எங்கள் வாக்காளர்களுக்கு மனமில்லை என்று சொல்ல முடியாது. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியல் சட்டத்திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. அந்த ஒதுக்கீடு நடைமுறையில் முழுமையாக வரும் நாளில், எழுதும் எங்களுக்குப் பழைய தகடுகள் போதாமல் போகும்.

பெயரை மாற்றிப் படியுங்கள்

வாசகராக நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. தமிழில் அது மிக எளிது. அலசல் கட்டுரையில் வேட்பாளர் பெயர் வரும் இடத்தில் எதிர்ப்பாலைச் சேர்ந்த ஒரு பெயரைப் போட்டுப் படியுங்கள். நம் மொழியில் 'அவர்', 'வந்தார்' எதையும் மாற்ற வேண்டியதில்லை. வரி இயல்பாகவே ஒலித்தால் அது வேட்பாளரைப் பற்றிய வரி. 'சாந்தமான முகம் கொண்ட முருகன்', 'இரண்டு குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் பிரச்சாரத்துக்கு வந்த கோவிந்தன்' என்று படிக்கும்போது உதட்டில் தடுக்கினால், அந்த வரி அச்சிலிருந்து வந்தது. தடுக்கும் எல்லா வரியும் தவறு என்று சொல்லமாட்டேன். பெண்ணாக இருப்பதால் ஒரு வேட்பாளருக்கு வந்த மிரட்டலைப் பற்றிய வரி கட்டாயம் தடுக்கும். அதை எழுதியே ஆக வேண்டும். தடுக்கும் இடத்தில் நின்று, ஏன் தடுக்கிறது என்று கேட்பதற்குத்தான் சோதனை.

என் பழைய செய்தியை அப்படிப் படித்துப் பார்த்தேன். 'அடுப்படி வேலையை முடித்துவிட்டு ஓட்டுக் கேட்கும்' என்ற முதல் வரியிலேயே தடுக்கியது. அவரை எதிர்த்து நின்றவர்களில் ஓர் ஆணும் இருந்தார். அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டுத்தான் வாக்குக் கேட்க வந்தார். அதை நான் எழுதவில்லை. எழுதத் தோன்றவும் இல்லை.

அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் அதை எடுத்து வைத்துக்கொண்டு, அன்று அனுப்பியிருக்க வேண்டிய முதல் பத்தியை எழுதிப் பார்த்தேன்:

'பென்னாகரம், டிச. 20: ஒகேனக்கல் குடிநீர் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி வரை வந்தும் கடைசித் தெருவுக்குப் போய்ச் சேருவதில்லை என்றும், குழாய் மட்டத்தைச் சரிசெய்யாமல் புதிய ஆழ்துளைக் கிணறு தோண்டுவது மேலும் ஃபுளோரைடு நீரையே கொண்டுவரும் என்றும் ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் வேட்பாளர் ஒருவர் குற்றம் சாட்டியுள்ளார். வென்றால் முதல் ஆறு மாதங்களில் கடைசித் தெருவுக்குத் தனிக் குழாய் பதிப்பதாக அவர் உறுதியளித்துள்ளார். அதற்கான நிதி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, ஒன்றிய நிதியில் கேட்டுப் பெறுவதாகக் கூறினார். விண்ணப்பம் இதுவரை அளிக்கப்படவில்லை.'